உத்தரவாத வாடகையை நம்பி முதல் வீட்டை வாங்கிவிடாதீர்கள்

வாடகைக்கு விடுவதற்காக முதன்முதலாக ஒரு வீடு வாங்க எண்ணி, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கட்டணப் பயிற்சி வகுப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கணக்கு எளிதில் விளங்குவதற்காக, நான் கொடுத்த விலையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றத் தொகைகளையும் அதே அளவில் சொல்கிறேன்.

இரண்டு நாள் வகுப்பு அது. முதல் நாள் சொல்லிக்கொடுத்தவற்றில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவர்கள்மேல் நம்பிக்கை வளரக் காரணமாயிற்று. இரண்டாம் நாள் மாலை 'தனி ஆலோசனை' என்று அழைத்துச் சென்று, ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வீடுகளை மட்டும் காட்டினார்கள். ஆண்டுக்கு 7 வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு வாடகை உத்தரவாதம் என்றார்கள். ஆலோசகர் கணினியில் காட்டிய கணக்குத் தாள் இன்னும் என் கண்முன் நிற்கிறது. வீடு காலியாக இருக்கும் மாதங்களுக்கான கட்டத்தில் 0, பழுதுபார்ப்புக்கான கட்டத்திலும் 0. ஏன் என்று கேட்டேன். உத்தரவாதம் இருப்பதால் அந்தச் செலவுகள் உங்களுக்கு வராது என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு அது சரி. கடனோ 20 ஆண்டுகளுக்கு. மீதி 18 ஆண்டுகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

நான் நின்று யோசித்திருக்க வேண்டிய இடம் அடுத்ததாக வந்தது. வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த வீட்டுக்கு 88 தான் மதிப்பு என்று எழுதினார். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 70, கடனாகக் கிடைத்தது. சேமிப்பிலிருந்து 20 போட்டேன். குறைந்த 10-க்குத் தனிநபர் கடன் வாங்கச் சொன்னார் ஆலோசகர். வங்கிகள் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடும் என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். கடன் கொடுப்பவரின் மதிப்பீடு விலையைவிடக் குறைவாக வந்தால், விற்பவருடன் விலை பேச அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த 12 வித்தியாசம் எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. இரண்டு ஆண்டு உத்தரவாத வாடகை மொத்தம் 14. அதில் பெரும்பகுதியை விலையிலேயே ஏற்றி, என்னிடம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, மாதாமாதம் எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். என் வாடகையை நானே கடன் வாங்கி, அதற்கு வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதுவும் முழுதாக வரவில்லை. 16 மாதங்களுக்குப் பிறகு நின்றுவிட்டது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோது, உத்தரவாதம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் விற்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து ஒரே ஒரு சொல்லில் வேறுபட்டிருந்தது. கையெழுத்திட்ட அன்று இரண்டும் ஒன்று என்றே நினைத்தேன். உத்தரவாதம் கொடுத்தது தனி நிறுவனம். என் வழக்கறிஞர் விசாரித்தவரை அதன் பெயரில் சொத்து எதுவும் இல்லை.

இப்போது குடியிருப்பவர் தரும் வாடகை ஆண்டுக்கு 4.5. ஒரு மாதம் காலியாக இருப்பதையும், பராமரிப்பு, வரி, காப்பீடு, பழுது ஆகியவற்றையும் கழித்தால் கையில் நிற்பது 2.8. வங்கித் தவணை மட்டும் ஆண்டுக்கு 7.6. கடனின் தொடக்கத்தில் தவணையில் பெரும்பங்கு வட்டிக்கே போகும் என்று வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. 9 சதவீத வட்டியில் 30 மாதங்களில் ஏறத்தாழ 19 கட்டியிருக்கிறேன். அசலில் கழிந்தது 3.5 மட்டுமே.

என்னிடம் கட்டணம் வாங்கிய அதே ஆலோசகர், விற்றவரிடமும் தரகு வாங்கியிருக்கிறார். இதை அவர் ஒருபோதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, உங்களுக்கு வழிகாட்டுபவர் வேறு யாரிடமிருந்தெல்லாம் பணம் பெறுகிறார் என்பதை எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதம் வேண்டாம், அது இல்லாமல் என்ன விலை என்று விற்பவரிடம் கேளுங்கள். விலை இறங்கினால், இறங்கிய தொகைதான் அந்த உத்தரவாதத்துக்கு நீங்கள் கொடுக்கவிருந்த பணம். வாடகை எவ்வளவு கிடைக்கும் என்பதை அதே கட்டடத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் இரண்டு மூன்று பேரிடம் நேரில் விசாரியுங்கள். நான் வாங்கிய பிறகுதான் அந்தப் படிகளில் ஏறி இறங்கி விசாரித்தேன். மூன்றாவது மாடியில் குடியிருந்த பெண்மணி கதவருகில் நின்றபடியே, தாம் ஆண்டுக்கு 4.5 கொடுப்பதாகத் தயக்கமில்லாமல் சொல்லிவிட்டார்.