தேக்காவில் ஒரு பவுன்: எந்தக் கடை, எந்த வரி, எந்த ரயில்

சிங்கப்பூரில் தங்கம் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "இன்று கிராம் என்ன விலை?" என்பதைத்தான். தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் கடைக்குக் கடை 916 தங்கத்தின், அதாவது 22 காரட் தங்கத்தின், விலையைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணில் பெரிய வித்தியாசம் இருக்காது. பில்லை ஏற்றுவது செய்கூலியும், அதற்கு மேல் விழும் 9 சதவீதப் பொருள் சேவை வரியும்தான். எனவே இந்த அலசலைப் பலகை விலையிலிருந்து தொடங்காமல் அந்த இரண்டிலிருந்து தொடங்குகிறேன்.

கணக்குக்காக ஒரு கிராம் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம், 1,200 வெள்ளி. ஒரு கடை கிராமுக்கு 8 வெள்ளி செய்கூலி கேட்டால், வரியும் சேர்ந்து 1,377.76 வெள்ளி ஆகிறது. அடுத்த கடை அதே மாதிரிச் சங்கிலிக்கு 12 வெள்ளி கேட்டால் 1,412.64. பவுனுக்குக் கிட்டத்தட்ட 35 வெள்ளி வேறுபாடு. பலகை விலை 50 காசு குறைவு என்று தெருவைக் கடந்து போகிறவருக்கு மிச்சமாவது, வரியோடு சேர்த்தாலும் பவுனுக்கு நான்கரை வெள்ளிகூட இல்லை.

தேக்கா கடைகளும் முஸ்தஃபாவும்

சிராங்கூன் சாலையிலும் பஃபலோ சாலைப் பக்கமும் இருக்கும் நகைக்கடைகளின் பெரிய பலம் தமிழ். தாலிக்கொடி, கல் பதித்த தோடு, குழந்தைக்கு அரைஞாண் என்று எதைக் கேட்டாலும் விளக்க வேண்டியதில்லை. செய்கூலியில் பேரம் பேசலாம், பேச வேண்டும். தங்க விலையைக் குறைக்க மாட்டார்கள், செய்கூலியைக் குறைப்பார்கள். கூலி கிராமுக்கா, உருப்படிக்கா, சதவீதமா என்பதை நகையைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்தார்களா என்பதையும் கேளுங்கள்.

சையத் ஆல்வி சாலையிலுள்ள முஸ்தஃபா சென்டர் வேறு விதம். அங்கே பேரத்துக்கு அதிகம் இடமில்லை. ஆனால் யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருப்பதால் வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்களுக்கு வசதி. சாதாரணச் சங்கிலி, வளையல், மோதிரம் வாங்க, பேரம் பேசக் கூச்சப்படுகிறவருக்கு நான் முஸ்தஃபாவைத்தான் சொல்வேன். கல்யாண நகைக்கு, நேரம் ஒதுக்கிச் சிராங்கூன் சாலையில் மூன்று நான்கு கடை ஏறி இறங்குவதே மேல். ஞாயிறு மாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்காது.

இரண்டு இடத்திலும் பில்லில் தங்கத்தின் எடை, தூய்மை, கூலி, வரி நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இந்தியாவில் ஹால்மார்க் முத்திரை கட்டாயம். 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண்ணும் சேர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் முத்திரை கட்டாயம் இல்லை. ஊரில் விற்கப் போனால் சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அப்போது கையில் இருக்கும் பில்தான் பேச உதவும்.

வரி யாருக்குத் திரும்பும்?

என்னை உறுத்துவது இந்த இடம். சுற்றுலாப் பயணியாக வந்தவர் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் கடப்பிதழை (பாஸ்போர்ட்) காட்டிப் பதிந்துகொண்டு, கிளம்பும்போது சாங்கி விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம். இடையில் இருக்கும் நிறுவனம் ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் முழு 9 சதவீதமும் வராது. ஆனாலும் பெரும்பகுதி வந்துவிடும்.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் சேர்த்த பணத்தில் தங்கைக்கு ஒரு பவுன் வாங்குகிறவர் கிட்டத்தட்ட 114 வெள்ளி வரியை முழுதாகக் கட்டுகிறார். அதே கடையில் அதே நகையை விடுமுறைக்கு வந்தவர் குறைந்த விலைக்கு வாங்கிப் போகிறார். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "சிங்கப்பூர் தங்கம் மலிவு" என்று பொதுவாகப் பேசுவது உழைப்பாளிக்குச் செய்யும் அநியாயம். இந்தியா 2024 ஜூலையில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது, பழைய லாபத்தின் பெரும்பங்கு போய்விட்டது. ஊரில் நகைக்குச் சரக்கு சேவை வரி 3 சதவீதம்தான். ஆகவே வரி திரும்பப் பெற முடியாதவர், ஊரில் சொல்லும் செய்கூலி, சேதாரத்தை வீட்டாரிடம் கேட்டு ஒப்பிட்ட பிறகே இங்கே வாங்க வேண்டும். ஊர்க் கடையில் சேதாரம் அதிகமாகப் போடும் வேலைப்பாட்டு நகைக்கு இங்கே இன்னும் லாபம் நிற்கலாம். வெறும் தங்கக் காசுக்கும் எளிய மோதிரத்துக்கும் பெரும்பாலும் நிற்காது.

கட்டித் தங்கம்

வரியே இல்லாத வழி ஒன்று உண்டு. முதலீட்டுக்கான தங்கக் கட்டிகளுக்கு 2012 அக்டோபர் முதல் பொருள் சேவை வரி விலக்கு இருக்கிறது. தூய்மை 99.5 சதவீதத்துக்குக் குறையாமல், அங்கீகரிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிறுவனத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும். லட்சுமி படம் போட்ட 916 காசு இந்தக் கணக்கில் வராது. அதற்கு வரி உண்டு. "சேமிப்புக்காக" என்று காசு வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. யுஓபி வங்கியின் ராஃபிள்ஸ் பிளேஸ் தலைமைக் கிளையில் கட்டி வாங்கலாம். சைனாடவுன் பக்கத்துச் சீனர் நகைக்கடைகளில் 999 தங்கம் நிறையக் கிடைக்கும். ஆனால் அது ஆபரணமாக இருந்தால் வரி போடுவார்கள்.

இங்கேயே தங்கி வாழ்கிறவருக்குச் சேமிப்பு என்றால் கட்டிதான் சரி. ஊருக்கு எடுத்துப்போகிறவருக்கு அது சரிவராது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு இந்தியா திரும்புகிறவருக்குச் சுங்கம் தரும் சலுகை, பெண்ணுக்கு 40 கிராம், மற்றவருக்கு 20 கிராம், நகைக்கு மட்டுமே. கட்டிக்கும் காசுக்கும் தீர்வை கட்ட வேண்டும். ஒரு வாரச் சுற்றுலா வந்து திரும்புகிறவருக்கு அந்தச் சலுகையும் இல்லை. விதிகள் மாறுகின்றன, கிளம்புவதற்கு முன் இந்தியச் சுங்கத் துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

டாக்சியா, ரயிலா, பஸ்ஸா?

கூலியில் கிராமுக்கு ஒரு வெள்ளி குறைத்து இரண்டு பவுன் வாங்கினால் மிச்சம் 16 வெள்ளி. விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வந்தால் அதைவிட அதிகம் போய்விடும். விமான நிலையக் கூடுதல் கட்டணம் தனி. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதல். விடியற்காலையில் இறங்குகிறவர்கள் ஐந்தரை மணி வாக்கில் கிளம்பும் முதல் ரயிலுக்குக் காத்திருக்கலாம். ஞாயிறன்று அது சற்றுத் தாமதம். சாங்கியிலிருந்து அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டௌன்டவுன் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா வரை நேர் ரயில். மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

ஜூரோங் பக்கமிருந்து வருகிறவர்கள் ஊட்ரம் பார்க்கில் வடகிழக்குப் பாதைக்கு மாறலாம். உட்லண்ட்ஸ், கிராஞ்சி பக்கமிருந்து வந்தால் நியூட்டனில் மாறுங்கள். அங்கிருந்து லிட்டில் இந்தியா அடுத்த நிலையம்தான். முஸ்தஃபாவுக்கு ஃபேரர் பார்க் நிலையம் நெருக்கம். தேக்கா கடைகளுக்கும் முஸ்தஃபாவுக்கும் நடுவே நடந்தே போகலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து சைனாடவுனுக்கு வடகிழக்குப் பாதையில் மூன்றாவது நிலையம்.

ரயிலுக்கு ஒற்றைப் பயணச்சீட்டு இப்போது கிடையாது. வங்கி அட்டையைத் தட்டிப் போகலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு நாளொன்றுக்கு 60 காசு கூடுதல். சில நாள் தங்குகிறவருக்கு, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஈஸிலிங்க் பயண அட்டை வாங்குவது நல்லது. சுற்றுலாப் பயணிகளுக்கான வரம்பற்ற அட்டை, நாள் முழுக்க ஊர் சுற்றுகிறவருக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். நகை வாங்கப் போய்வருவதற்கு அது தேவையில்லை. பஸ்ஸில் ரொக்கம் கொடுத்தால் கட்டணமும் அதிகம், மீதியும் தர மாட்டார்கள். சிராங்கூன் சாலையின் தேக்காப் பகுதி ஒருவழிப் பாதை என்பதால் திரும்பும் பஸ்ஸை ஜாலான் புசாரில் போய்ப் பிடிக்க வேண்டும்.

ஊர் திரும்பும் நாளில் நகையைக் கைப்பையில் வையுங்கள். கைப்பையில் கொண்டுபோகும் பொருளுக்கு, குடிநுழைவுச் சோதனையைத் தாண்டிய பிறகு புறப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் இயந்திரத்தில் வரியைக் கோரலாம். சுங்க அதிகாரி நகையைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். அதனால் பில்லும் நகையும் ஒன்றாகவே இருக்கட்டும்.