சிமுலேட்டருக்கு ஆட்-ஆன் ஜிபிஎஸ்: பல வருடம் ஓட்டிய பிறகு

2006-இல் வந்த மைக்ரோசாஃப்டின் விமானம் ஓட்டும் கணினி மென்பொருளான ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் இருந்த ஜிபிஎஸ், பார்வைக்கு நிஜ விமானங்களில் வழிகாட்டும் கருவியான கார்மின் 530 போலவே இருக்கும். ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது வழியில் ஒரு புள்ளியைச் சேர்க்க வேண்டுமென்றால் அதில் முடியாது. மெனுவுக்குள் போய்த்தான் பறக்கும் திட்டத்தை மாற்ற வேண்டும். ஆட்-ஆன் கேஜ்கள் (சிமுலேட்டர் விமானத்தின் பேனலில் தனியாகச் சேர்க்கும் கருவிகள்) பக்கம் நான் போனது இதனால்தான்.

அப்போது வாங்கியது ரியாலிட்டி எக்ஸ்பி 530. விமானிகள் பழகுவதற்காகக் கார்மினே வெளியிட்ட பயிற்சி மென்பொருள்தான் அதற்குள் ஓடுகிறது. அதனால் கார்மின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பழகலாம். சின்னக் குமிழைத் திருப்பினால் எழுத்து மாறும், பெரிய குமிழைத் திருப்பினால் அடுத்த எழுத்துக்கு நகரும். சியாட்டில் பக்கத்துப் பெயின் ஃபீல்டு விமான நிலையத்தின் குறியீடு கே, பி, ஏ, இ என்று நான்கு எழுத்து. மவுஸ் சக்கரத்தில் இதைச் செய்யும்போது சுட்டி கொஞ்சம் விலகினாலும் எழுத்துக்குப் பதில் இடம் நகர்ந்துவிடும். காற்று ஆட்டும் நேரத்தில் எரிச்சல்தான். அப்புறம் கை பழகிவிடுகிறது.

படம் எவ்வளவு தெளிவு, எத்தனை பக்கம் என்றெல்லாம் பார்த்து இவற்றை வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, கேஜ் ஓடுபாதை, வழிப் புள்ளி பற்றிய தன் தரவை எங்கிருந்து எடுக்கிறது என்பது. சியாட்டில் போயிங் ஃபீல்டு விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையின் எண் அதன் காந்தத் திசையை வைத்து வருவது. காந்த வடக்கு நகர்ந்துகொண்டே போவதால் 2017-இல் அங்கே 13 என்ற ஓடுபாதை 14 ஆனது. புதிய தரவு உள்ள கேஜில் '14 வலது' என்று வரும். பழைய சிமுலேட்டரின் தரையிலோ 13 என்றுதான் எழுதியிருக்கும், கட்டுப்பாட்டுக் குரலும் 13 என்றே சொல்லும். எண்ணாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். தரையிறங்க நெருங்கும் பாதையின் புள்ளிகள் மாறியிருந்தால்தான் தலைவலி.

இப்போதைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. ஒர்க்கிங் டைட்டில் குழுவின் 430/530, பிஎம்எஸ்50-இன் ஜிடிஎன் 750 (கார்மினின் தொடுதிரைக் கருவியின் நகல்) இரண்டும் சிமுலேட்டரின் தரவையே படிக்கின்றன. வழித் தரவு விற்கும் நேவிகிராஃபின் சந்தா இருந்தால், 28 நாளுக்கு ஒருமுறை வரும் புதுத் தரவைச் சிமுலேட்டரில் ஏற்றினால் போதும், கேஜும் கூடவே புதுசாகிவிடும். டிடிஎஸ் நிறுவனத்தின் ஜிடிஎன்எக்ஸ்ஐ என்ற கேஜ் எதிர்க்கட்சி. அதை ஓட்டக் கார்மின் பயிற்சி மென்பொருளைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும், தரவும் அதனுடையதுதான், நேவிகிராஃப் அங்கே செல்லாது. ஆனால் நடத்தையில் அசலுக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை வீட்டில் நான் பார்த்ததில்லை. நாளைக்கு நிஜ விமானத்தில் உட்காரப் போகிறவர் யோசிக்காமல் இதை எடுக்கலாம். சும்மா மாலையில் ஒரு சுற்று பறக்கிறவருக்கு ஒர்க்கிங் டைட்டில் 530-ஏ தாராளம். அது இலவசம் என்பதால் சொல்லவில்லை, நன்றாகவே இருக்கிறது.

750 தொடுதிரைக் கருவி. அதை மவுஸால் குத்திக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வலது ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு திரையைச் சொடுக்கினால் தனி ஜன்னலாகப் பிரிந்து வரும். அதை இரண்டாவது மானிட்டருக்கு இழுத்துவிடலாம். ஃப்ரேம் ரேட் (படம் ஓடும் வேகம்) கொஞ்சம் அடிவாங்கும், என் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் நன்றாகவே தெரிந்தது. 530 என்றால் அந்தப் பேச்சே இல்லை. குமிழ் வைத்த சின்னப் பெட்டி ஒன்றை யுஎஸ்பியில் செருகிக்கொண்டால் திரையைப் பார்க்காமலே திருப்பலாம்.

காசு கட்டுவதற்கு முன், நீங்கள் ஓட்டும் விமானத்துக்கு அந்தக் கேஜ் நேரடியாகப் பொருந்துமா என்று பாருங்கள். விமானத்தில் எந்தக் கருவி எங்கே என்று சொல்லும் பேனல் கோப்பைக் கையால் திருத்தி ஏற்ற வேண்டியிருந்தால், விமானத்துக்கு அப்டேட் வரும்போதெல்லாம் பழைய கேஜ் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். திருத்திய கோப்பின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.