வாப்பாவின் கோப்பும் காயல்பட்டினமும்

வாப்பா சிகாகோவில் மௌத்தானார். உம்மாவின் இத்தா, கணவரை இழந்தவர் காத்திருக்கும் 4 மாதம் 10 நாள், முடிந்த பிறகே ஊரான காயல்பட்டினத்துக்குக் கிளம்பினோம். பழைய பேங்க் கணக்கு, நிலத்தின் பட்டா, வாப்பா எழுதி வைத்திருந்த கடன் பட்டியல், இந்த மூன்றுக்காகத்தான் இந்தப் பயணம். இதே நிலையில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ் பிடித்தால் நேராக ஊரிலேயே இறங்கலாம். வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு அதுவே நல்லது.

அதிக நேரம் எடுத்தது பேங்க்தான். 10 வருஷத்துக்கு மேல் வரவு செலவே இல்லாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனால் உரிமை போகாது, உரியவர் கேட்டால் பேங்க் கொடுத்தாக வேண்டும். 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் லாத்தா, என் அக்கா, வாப்பாவின் பேரையும் பான் எண்ணையும் போட்டுத் தேடி அதைக் கண்டுபிடித்தாள். கிளையிலோ மரணச் சான்றிதழில் தூதரக முத்திரை வேண்டும் என்றார்கள். இல்லினாய் மாநிலம் தந்த அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்கான உறுதிச் சான்று, அதில் இருந்தது. இந்தியாவும் அமெரிக்காவும் அந்தச் சான்றை ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் இருப்பதால் அதுவே போதும் என்று பொறுமையாகச் சொன்னேன். மேலிடத்தில் கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். உம்மா நாமினி என்பதால் வாரிசுச் சான்றிதழ் கேட்கவில்லை.

நாமினி போட்டு வைத்தது வாப்பாவின் குணம். கிண்டியில் படித்துவிட்டு 70களில் சிகாகோ போன கட்டட இன்ஜினியர் அவர். எந்தக் காகிதத்தையும் தேதி போடாமல் வைக்கமாட்டார். டாக்காவில் படித்து அங்கே வந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் வடிவமைத்த 110 மாடி சியர்ஸ் டவரைக் காட்டி, குழாய்களைக் கட்டி நிறுத்தியதுபோல அது காற்றைத் தாங்குவதை எங்களுக்கு விளக்குவார். தொழுகைத் திசையிலும் அதே கறார். மக்கா தென்கிழக்கில்தானே இருக்கிறது என்று மஸ்ஜிதில் சிலர் வாதாடியபோது, பூகோள உருண்டையில் சிகாகோவுக்கும் மக்காவுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினார். நூல் வடகிழக்காகத்தான் கிளம்பியது. வேலை எவ்வளவு இருந்தாலும் மஃரிபுக்கு, அந்திநேரத் தொழுகைக்கு, வீட்டில் இருப்பார். எங்களைப் பக்கத்தில் நிறுத்தித் தொழவைப்பார். அந்த வயதில் அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

ஊரில் ஷாஃபி மத்ஹபு என்ற சட்டப்பிரிவின்படி அவருக்குக் காயிப் ஜனாஸா, அதாவது உடல் முன்னால் இல்லாமல் தொழும் இறுதித் தொழுகை, தொழுதிருந்தார்கள். மையித்து அமெரிக்க மண்ணில் அடங்கியிருக்க, ஊரே வரிசையில் நின்றிருக்கிறது. அதைக் கேட்டதும் உம்மாவுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

நிலம் லாத்தாவுக்கு என்று அவர் இருக்கும்போதே கொடுத்துவிட்டார். இப்படி உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் ஹிபா வாய்ச்சொல்லாகவே செல்லும், ஆனாலும் பத்திரம் பதிந்திருந்தார். அதனால் பட்டா மாற்ற இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்ததோடு எங்கள் பங்கு முடிந்தது. எனக்கு ஆதார் இல்லாததால் மனுவை லாத்தா பேரிலேயே போட்டோம். 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால்தான் என்னைப்போன்ற ஓசிஐக்காரர்களுக்கு, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு, ஆதார் கிடைக்கும்.

கடன் பட்டியல்தான் எனக்குப் பெரிய வேலையாகத் தோன்றியது. சொத்தைப் பங்கு வைக்கும் முன் கடனை அடைக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். பெரும்பாலானவற்றின்மேல் அவரே கோடு போட்டிருந்தார். மிச்சம் இருந்தது, வாப்பாவுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டிய வாத்தியார் பேர் மட்டும். வாத்தியாரும் இப்போது இல்லை. பிள்ளைகள் வாங்க மறுத்தார்கள், "உங்க வாப்பா எத்தனையோ செஞ்சிட்டாரு" என்றார்கள். இது ஸதக்கா, அதாவது தர்மம், இல்லை, கடன் என்று உம்மாவே முன்னால் வந்து சொன்ன பிறகுதான் மூத்தவர் கை நீட்டினார். அப்புறம் உம்மா பட்டியலை என்னிடமிருந்து வாங்கி, அந்தப் பேரின்மேலும் கோடு போட்டார்.