இங்கிலாந்தின் வடக்கே நர்ஸ் வேலை, குடும்பத்துக்கு இலவச வீடு என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாகப் போகிறவர்களை ஏமாற்றினால் போவது பணம். பிள்ளைகளோடு போகிறவர்களை ஏமாற்றினால் அந்தப் பிள்ளைகளின் படிப்பும் தூக்கமும் சேர்ந்து போகும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஏஜென்சியின் மீது புகார் விசாரணையில் இருப்பதால், அதன் பெயரையோ நான் முதலில் வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வையும், பிரிட்டன் நர்சிங் கவுன்சிலான என்எம்சியின் கணினித் தேர்வையும் என் சொந்தச் செலவில் எழுதித் தேறிய பிறகுதான் 2024-இல் சென்னையிலுள்ள அந்த ஏஜென்சிக்குப் போனேன். வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா கடற்கரையில் ஒரு சிற்றூர், அங்கே முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸ் வேலை என்றார்கள். லண்டன் போல வாடகை இல்லை, நெரிசல் இல்லை, குடும்பத்தோடு தங்க மூன்று மாதம் இலவச வீடு, பிள்ளைகளுக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளி என்று அடுக்கினார்கள். செங்கல் வீடும் பின்புறம் புல்வெளியுமாக ஒரு படத்தையும் காட்டினார்கள். “எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது சிஸ்டர், நீங்கள் பெட்டியைக் கட்டுங்கள்” என்றார் அங்கிருந்த மேலாளர்.

பணம் வாங்கிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்றைக்கும் வேறு வேறு அலுவலகங்களில் இதே விதமாகத்தான் வாங்குகிறார்கள்.

சேவைக் கட்டணம் என்று ஒன்றரை லட்சம். ஸ்பான்சர் சான்றிதழ், அதாவது சிஓஎஸ், அதற்கு இரண்டு லட்சம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஹெல்த் சர்சார்ஜ், அதாவது அங்கே அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு கட்டும் கட்டணம், அதன் முதல் தவணை என்று மூன்று லட்சம். ஆக மொத்தம் ஆறரை லட்சம். ரசீது கொடுத்தது 35,400 ரூபாய்க்கு மட்டும். மீதிக்குக் கேட்டபோது, அதெல்லாம் லண்டன் அலுவலகக் கணக்கு, ரசீது அங்கிருந்துதான் வரும் என்றார்கள். அந்த 35,400 என்ற தொகை எதற்கென்று பிறகுதான் விளங்கியது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சரியாக 35,400 வரும். சட்டத்துக்குக் காட்ட ஒரு ரசீது, கல்லாப்பெட்டிக்கு ரொக்கம். சட்டம் தெரியாமல் நடந்த தவறு இல்லை இது. சட்டத்தை வரி வரியாகப் படித்தவர்கள் திட்டமிட்டுச் செய்த வேலை.

சிஓஎஸ் என்பது முதலாளி பிரிட்டன் அரசிடம் பணம் கட்டி நமக்கு ஒதுக்குவது. அப்போது அதன் கட்டணம் 239 பவுண்டு, நம் கணக்கில் சுமார் இருபத்தைந்தாயிரம் ரூபாய். அதற்குத்தான் என்னிடம் இரண்டு லட்சம் வாங்கினார்கள். இங்கிலாந்தில் சுகாதாரப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்கென்று ஒரு நடத்தை விதித்தொகுப்பு இருக்கிறது. வேலை வாங்கித் தருவதற்காக நர்ஸிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே சிஓஎஸ்ஸுக்குப் பணம் என்று யார் வாயைத் திறந்தாலும் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

ஹெல்த் சர்சார்ஜ் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776 பவுண்டு என்று பிரிட்டன் அரசின் இணையப் பக்கத்தையே திறந்து காட்டினார் அந்த மேலாளர். கட்டண விகிதம் உண்மைதான். நர்ஸ் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்கான ஹெல்த் அண்டு கேர் விசாவில் போகிறவர்களுக்கு விலக்கு உண்டே என்று கேட்டேன். “அது உங்களுக்கு மட்டும் சிஸ்டர், குடும்பத்துக்குக் கட்டித்தான் ஆக வேண்டும்” என்று கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். பொய். அந்த விசாவில் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்குமே விலக்கு உண்டு. இங்கே வந்த பிறகு விசா விண்ணப்பத்தின் கட்டண விவரத்தை எடுத்துப் பார்த்தோம். நான்கு பேருக்கும் சர்சார்ஜ் என்ற இடத்தில் பூஜ்யம் என்றுதான் இருந்தது. பிள்ளைகளின் உடல்நலம் என்று சொன்னால் எந்தத் தாய் பேரம் பேசுவாள்? அதைத் தெரிந்துகொண்டே வாங்கிய பணம் அது.

நவம்பரில் வந்து இறங்கினோம். இலவச வீடு என்று சொன்ன இடத்தில் எங்களுக்கு இருந்தது மாடியில் ஒற்றை அறை. மற்ற அறைகளில் அதே இல்லத்தில் வேலை பார்க்கும் பெண்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளில் ‘பிள்ளைகள் தங்க அனுமதி இல்லை’ என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. என் மகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “அம்மா, அப்போ நாங்க எங்கே போறது?” என்று கேட்டாள். இல்லத்தின் மேலாளரிடம் பேசினால், தங்குமிடம் ஊழியர் ஒருவருக்கு மட்டும் என்று ஏஜென்சியிடம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று அந்த மின்னஞ்சலைக் காட்டினார். ஏஜென்சிக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார்கள்.

அதன் பிறகு சிறு விடுதி ஒன்றில் தினவாடகை கொடுத்துத் தங்கினோம். சிற்றூரின் உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் உள்ளூர் கவுன்சிலிடம் விண்ணப்பித்து இடம் கேட்கலாம். ஆனால் எங்களிடம் கவுன்சில் முதலில் கேட்டது முகவரிச் சான்று: வாடகை ஒப்பந்தம் அல்லது கவுன்சில் வரி ரசீது. விடுதியில் தங்கியிருக்கிறவர்களிடம் இரண்டும் இருக்காது. வீடு பிடிக்கப் போனால், இந்த நாட்டில் உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை, இங்கேயே சம்பாதிக்கும் ஒருவர் ஜாமீன் தர வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டுங்கள் என்றார்கள். பெருநகரம் என்றால் பத்து வீடு பார்க்கலாம். அந்த ஊரில் அந்த மாதம் வாடகைக்கு இருந்த குடும்ப வீடுகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். வீடு இல்லாததால் பள்ளி இல்லை. பள்ளி இல்லாததால் கணவர் வேலைக்குப் போக முடியவில்லை. அவர் சம்பளம் இல்லாததால் ஆறு மாத வாடகை சேரவில்லை. இந்தச் சுழலில் எங்களைத் தள்ளியது அந்த ஒரே ஒரு பொய்.

நான் காலை எட்டு மணிக்கு டூட்டியில் இருக்க வேண்டும், முடிய இரவு எட்டு. டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இல்லம் ஊருக்கு வெளியே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் கிடையாது. மகள் விடுதி அறையின் சன்னல் திண்டில் நாகர்கோவில் பள்ளியின் பழைய கணக்கு நோட்டை விரித்து, முன்பே போட்ட கணக்குகளை அழித்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டிருப்பாள். நான்கு வயது மகனுக்கு வாரம் பதினைந்து மணி நேர இலவச நர்சரி எந்த விசாவில் இருந்தாலும் கிடைக்கும் என்று அங்கே ஒரு தாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வேலை பார்க்கும் பெற்றோருக்கான முப்பது மணி நேரத் திட்டம் எங்களைப் போல இருவருக்குமே அரசு உதவித்தொகை உரிமை இல்லாத விசா என்றால் கிடைக்காது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயம் இல்லை. வரவேற்பறையில் கேட்டால் இதைப் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

என் உறுதியான கருத்து இது: வேலைக்கு வருகிறவர் முதலில் தனியாக வாருங்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பள்ளியில் இடம் கேட்ட பிறகு குடும்பத்தை அழையுங்கள். குடும்ப விசாவைப் பின்னால் தனியாகவும் விண்ணப்பிக்கலாம். ‘இப்போதே சேர்த்துப் போடாவிட்டால் பிறகு கிடைக்காது’ என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால், அந்த அவசரம் அவருடைய கமிஷனுக்கானது. வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போதும் கவனம் தேவை. இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. அதையும் முப்பது நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு நமக்குச் சான்று தர வேண்டும்.

என்னைவிட மோசமாக ஏமாற்றப்பட்டவர், முதலில் எங்களுக்கு ஒற்றை அறை தந்த அதே வீட்டில் இருந்தார். அவரும் நர்ஸ்தான், விழுப்புரம் பக்கம். நர்ஸ் வேலை என்று சொல்லி அழைத்துவந்தார்கள். அவருடைய சிஓஎஸ்ஸில் இருந்த தொழில் குறியீடு 6136, அதாவது மூத்த பராமரிப்புப் பணியாளர். 2024 மார்ச் 11 முதல் 6135, 6136 என்ற அந்தக் குறியீடுகளில் புதிதாக வருகிறவர்கள் பிள்ளைகளையோ கணவரையோ அழைத்துவர முடியாது. ‘ஆறு மாதத்தில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்’ என்று நம்பவைத்து விமானம் ஏற்றிவிட்டார்கள். நர்ஸ் பணிக்கான குறியீடுகள் 2231 முதல் 2237 வரை. சிஓஎஸ் கைக்கு வந்ததும் மற்ற எதையும் பார்க்கும் முன் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2025 ஜூலை 22-க்குப் பிறகு பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். எனவே ‘முதலில் கேர் அசிஸ்டன்ட்டாகப் போங்கள், அங்கே போய் நர்ஸாகிவிடலாம்’ என்று இப்போது யார் சொன்னாலும் அது பச்சைப் பொய்.

நர்ஸ் குறியீட்டில் வந்த எனக்கும் வேலை ஒழுங்காகக் கிடைத்துவிடவில்லை. ஓஎஸ்சிஇ செய்முறைத் தேர்வில் தேறும்வரை என்எம்சி பதிவு கிடைக்காது. வேலை தொடங்கிய பன்னிரண்டு வாரத்துக்குள் முதல் முறை அதை எழுத முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும். இவர்கள் பயிற்சியும் தரவில்லை, தேதியும் வாங்கவில்லை. கையில் ஆள் குறைவு என்று என்னைப் பராமரிப்பு வேலையிலேயே ஓட்டினார்கள். விதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் தேதி வந்தது. வாய்மொழியாகக் கேட்பதை விட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

தேறிய பிறகு வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ராஜினாமா கொடுத்ததும் ஒரு பில் நீட்டினார்கள். சென்னையில் எனக்குக் காட்டிய ஒப்பந்தத்தில் இல்லாத பக்கம் ஒன்று இங்கே கையெழுத்து வாங்கியதில் சேர்ந்திருந்தது. அதில், வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்கு அரசுக்குக் கட்டும் இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் வரை எழுதி என்னிடம் கேட்டார்கள். அது முதலாளி மட்டுமே கட்ட வேண்டியது, ஊழியரிடம் வசூலிப்பதற்குத் தடையே இருக்கிறது. நான் உறுப்பினராக இருந்த நர்ஸ்கள் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கின் பிரதிநிதி பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பிறகு, அதையும் இன்னும் சிலவற்றையும் அடித்துவிட்டார்கள். மீதியைத் தவணையில் கட்டினேன். வந்து இறங்கிய முதல் வாரமே சங்கத்தில் சேருங்கள். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் பழைய பிரச்சினைக்கு உதவி கிடைப்பது கடினம். புதிய முதலாளியின் சிஓஎஸ் வந்து, புதிய விசாவும் கைக்கு வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள். ஸ்பான்சர் கைவிட்டால் வேறு இடம் தேட வழக்கமாக அறுபது நாள்தான் தருவார்கள், பிள்ளைகளின் விசாவும் நம் விசாவோடு கட்டியது.

கிளம்பும் முன் சரிபார்க்க வழி இருக்கிறது. ஏஜென்சி மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். முதலாளியின் பெயர் பிரிட்டன் அரசு வெளியிடும் ஸ்பான்சர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். இங்கிலாந்தின் முதியோர் இல்லம் ஒவ்வொன்றைப் பற்றியும், அவற்றைக் கண்காணிக்கும் அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷனின் ஆய்வு அறிக்கை பொதுவில் கிடைக்கும். ஊழியர் பற்றாக்குறை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். வீடு தருகிறோம் என்றால், எத்தனை அறை, யார் யார் தங்கலாம், எத்தனை வாரம் என்பதை ஏஜென்ட்டிடம் கேட்காமல் முதலாளியிடமே மின்னஞ்சலில் கேளுங்கள். நாங்கள் அந்த ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருந்தால் மூன்று வரியில் பதில் வந்திருக்கும். ‘முதலாளியை நேரடியாகத் தொடர்புகொண்டால் வாய்ப்பு போய்விடும்’ என்று எங்களை மிரட்டி வைத்திருந்தார்கள். அப்படி மிரட்டும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது, அங்கேயும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் புகார் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் காவல்துறையிலும் இருக்கிறது. பணம் இன்னும் திரும்ப வரவில்லை. ரசீது இல்லாத தொகைக்குப் புகார் எடுபடாது என்று பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நான் வங்கியிலிருந்து பணம் எடுத்த தேதிகளையும், அதே நாட்களில் ‘பணம் கிடைத்தது சிஸ்டர்’ என்று அந்த ஏஜென்சி மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும், சர்சார்ஜ் பூஜ்யம் என்று காட்டும் விசாத் தாளையும் இணைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். ரொக்கமாகக் கொடுத்த மற்றவர்களும் அந்தச் செய்திகளை அழித்துவிடாமல் எடுத்து வைத்துக்கொண்டு தனித்தனியாகப் புகார் கொடுங்கள். ஒருவர் புகார் என்றால் தகராறு என்று ஒதுக்கிவிடுவார்கள், பத்துப் பேர் கொடுத்தால் அப்படி ஒதுக்க முடியாது.