ஹட்டனுக்கே திரும்பி வர மூன்று வழி: சித்தப்பாவுக்கு எது, அக்காவுக்கு எது?

என் மேசையில் இப்போது இரண்டு ஃபைல் இருக்கின்றன. ஒன்று கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பாவுடையது. மற்றது லண்டனில் இருக்கும் பெரியம்மா மகளுடையது. இரண்டு பேரும் இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர்கள். கடைசிக் காலத்தை இந்தக் குளிரிலேயே கழிக்க வேண்டும் என்பதுதான் இரண்டு பேருடைய ஆசையும். ஆனால் அக்காவுக்குச் சரிவரும் வழி சித்தப்பாவுக்குச் சரிவராது. சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இப்படிப்பட்ட காகிதங்களை நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இங்கே வந்து நீண்ட காலம் தங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான் கேட்கிறார்கள். 55 வயது கடந்த வெளிநாட்டவருக்கான 'மை ட்ரீம் ஹோம்' வதிவிட விசா ஒன்று. இரட்டைப் பிரஜாவுரிமை இன்னொன்று. மூன்றாவது, சுற்றுலா விசாவில் வந்து அதை நீட்டித்துக்கொண்டே இருப்பது.

எது நல்லது என்று யாராவது போனில் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "நீங்கள் எப்போதாவது இலங்கைப் பிரஜையாக இருந்தீர்களா?" என்று முதலில் கேட்பேன். அநேகம் பேர், "நான் அங்கேதானே பிறந்தேன்!" என்பார்கள். மலையகத்து ஆட்களுக்கு இது சரியான பதில் இல்லை. நம் ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி விண்ணப்பித்துச் சிலர் பதிவுப் பிரஜைகள் ஆனார்கள். மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரின் தலைவிதியை 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எழுதியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்பது கணக்கு. சித்தப்பா பிறந்தது 1955இல். தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை இல்லை, அதனால் அவருக்கும் இல்லை. கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தில் பாஸ்போர்ட் வாங்கி, 1976இல் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் உள்ளே இருந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் அதற்கு ஒப்பாரி கோச்சி என்றே பெயர். அந்தப் பக்கம் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக வளர்ந்த, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது.

ஆக, சித்தப்பா இருபத்தொரு வருடம் இந்த மண்ணில் வாழ்ந்தும் ஒரு நாள்கூட இலங்கைப் பிரஜையாக இருந்ததில்லை. இரட்டைப் பிரஜாவுரிமை என்பது, வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததால் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர் அதை மீட்டுக்கொள்வதற்கும், இழக்கப்போகிறவர் அதைத் தக்கவைத்துக்கொள்வதற்கும் உள்ள ஏற்பாடு. அவரிடம் மீட்க ஒன்றுமே இல்லை. இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் இந்தியா தன் குடிமக்களுக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. இது தெரியாமல், இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்துத் தருகிறேன் என்ற ஒரு முகவருக்குச் சித்தப்பா முன்பணம் கொடுத்துவிட்டார். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஒரு வருடம் அவர் நம்பிக்கையோடு காத்திருந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை தந்த சட்டம் அது. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தும் போகாமல் தங்கிவிட்டவர்களுக்கும் உதவியது. கலவரத்துக்குப் பயந்து இந்தியாவுக்கு அகதியாகப் போனவர்களை உள்ளடக்க 2009இல் அது திருத்தப்பட்டது. ஆகவே மண்டபம் அகதி முகாமில் இருந்த உறவினருடைய நிலைமை வேறு, ஒப்பந்தத்தில் போன சித்தப்பாவுடைய நிலைமை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருவோம். அவருடைய அப்பா 1950களிலேயே பதிவுப் பிரஜை ஆகிவிட்டார். அக்கா அதற்குப் பிறகு பிறந்ததால் இலங்கைப் பிரஜை. லண்டன் போய் பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தபோது இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விட்டது. இப்போது வயது 55ஐத் தாண்டிவிட்டதால் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க அந்தத் தகுதி ஒன்றே போதும். வயது குறைந்தவர்களென்றால் கல்வி அல்லது தொழில் தகைமை, இங்கே 25 லட்சம் ரூபாய் பெறுமதியான சொத்து, வங்கி வைப்பு என்று வேறு ஏதாவது காட்ட வேண்டியிருக்கும்.

அக்காவைப் போன்றவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இரட்டைப் பிரஜாவுரிமைதான். கட்டணம் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அது ஒரே தடவை. அதன்பிறகு விசா புதுப்பிப்பு இல்லை, மாதா மாதம் டொலர் கணக்குக் காட்டுவதும் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், காணி. வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. குத்தகைக்கு எடுக்கலாம், அதுவும் அதிகபட்சம் 99 வருடத்துக்கு. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடை கிடையாது. கொட்டகலையிலோ பண்டாரவளையிலோ பத்துப் பேர்ச் காணி வாங்கித் தன் பெயரிலேயே காணி உறுதிப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். விசாவில் வந்து மருமகன் பெயரில் வீடு கட்டி, அப்புறம் அந்த வீட்டிலேயே விருந்தாளியாகிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் ஃபைலில் வேறொரு சிக்கல். அவர் பிறந்தபோது இலங்கைப் பிரஜை என்பதைக் காட்ட அப்பாவின் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதைப் பெரியம்மா தகரப் பெட்டியில் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது நான்காக மடித்த கோட்டில் கிழிந்திருந்தது. செல்லோடேப் ஒட்டிய இடமெல்லாம் மஞ்சளாகி, இலக்கத்தின் கடைசி எண் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. உறுதிப்படுத்திய பிரதி கேட்டுப் பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தால் தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். இரட்டைப் பிரஜாவுரிமை வரும்வரை காத்திருக்கும் காலத்துக்கு, முன்னாள் இலங்கையருக்கென்று உள்ள வதிவிட விசாவைக் கேட்கலாம். பழைய இலங்கைப் பாஸ்போர்ட் காலாவதியாகவில்லை என்பதற்காக அதில் பயணம் செய்ய மட்டும் வேண்டாம். பிரஜாவுரிமை போன பிறகு அதைப் பயன்படுத்தினால் ஒன்றுக்குப் பத்துத் தொல்லை.

சித்தப்பாவுக்கு மிஞ்சுவது மற்ற இரண்டு வழிகள். 'மை ட்ரீம் ஹோம்' விசா இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும், பிறகு புதுப்பிக்கலாம். அதற்கு 15,000 அமெரிக்க டொலர் வங்கியில் வைப்பிலிட வேண்டும். அதோடு மாதம் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சித்தியும் கூட வந்தால் இன்னொரு 750. மாதம் 1,500 டொலர் என்பது இந்திய ரூபாயில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் அதற்கு எங்கே போவார்? கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி அனுப்புகிறேன் என்கிறான். நல்ல பிள்ளை. ஆனாலும் ஒரு மாதம் இரண்டு மாதம் என்றால் சரி, வருடக்கணக்கில் அனுப்ப வேண்டும். புதுப்பிக்கும்போது பணம் வந்த கணக்கைக் காட்ட வேண்டும். ஓய்வூதியம் பவுண்டிலோ டொலரிலோ வருகிறவர்களுக்கும், பிரஜாவுரிமையோடு சம்பந்தமே இல்லாத வெளிநாட்டவருக்கும் இது நல்ல திட்டம். நம் நீலகிரி உறவுகளுக்கு இது கட்டுப்படியாகாது என்பதுதான் என் அபிப்பிராயம்.

சித்தி விஷயத்தில் இன்னொன்றும் வந்தது. துணைவிக்கு விசா கேட்டால் விவாகச் சான்றிதழ் வேண்டும். அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியவர்கள், பதிவு செய்யவில்லை. தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையில் கணவன் மனைவி என்று இருக்கிறது, ஆனால் அது விவாகச் சான்றிதழ் ஆகாது. பெயரிலும் பிரச்சினை. தோட்டத்துப் பதிவில் முத்தன் என்றிருக்கும் ஆள் இந்தியப் பாஸ்போர்ட்டில் முத்தையா ஆகியிருப்பார். தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, மறுபடியும் தமிழுக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக்கொள்வது முதல் வேலை. பதிவையே திருத்த வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். எந்த விசாவுக்கும் விண்ணப்பிக்கும் முன்பே இதை முடியுங்கள். விண்ணப்பம் போன பிறகு பெயர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் ஹட்டனுக்கும் கொழும்புக்கும் பஸ்ஸில் அலைந்தே இடுப்பு ஒடிந்துவிடும். எழுபது வயதில் கினிகத்தேனை வளைவுகளில் அந்தப் பயணம் வேண்டாம்.

மூன்றாவது வழியைச் சிலர் கேவலமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுற்றுலா விசாவில் வந்து, இணையத்திலேயே நீட்டித்து, மொத்தம் 270 நாள் வரை இருக்கலாம். வைப்புப் பணமும் மாதாந்த டொலரும் வேண்டாம். விவாகச் சான்றிதழும் வேண்டாம், சித்தியும் சித்தப்பாவும் தனித்தனியே வரலாம். குறை என்னவென்றால், அந்த நாள் கணக்கு முடிந்ததும் கிளம்பத்தான் வேண்டும். இங்கே நிரந்தரம் என்ற நிம்மதி கிடைக்காது. நோயில் விழுந்த நேரத்தில் திகதி முடிந்தால் மனசு பதறும். நீட்டிப்புத் திகதியை மட்டும் தவற விடக்கூடாது, ஒரு நாள் தாண்டினாலும் அதிகம் தங்கியவர் என்ற கறை ஏறிவிடும்.

கடைசியில் சித்தப்பா தேர்ந்தெடுத்தது இந்த மூன்றாவதைத்தான். நீலகிரியில் மழை கொட்டும் மாதங்களில் அங்கே பேரப்பிள்ளைகளோடு இருப்பார், தை பிறக்கும்போது இங்கே இருப்பார். தம்பிக்குச் சம்பளம் உயர்ந்தால் 'ட்ரீம் ஹோமை' அப்புறம் பார்ப்போம் என்று வைத்திருக்கிறோம். அதற்குள் காகிதங்களை ஒழுங்குபடுத்துகிறேன்.

போன வாரம் அவருடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி கைக்கு வந்தது. பதிவு இலக்கம் தெரியாததால் வருடத்தைச் சொல்லித் தேடச் சொன்னோம், கிடைத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதும் சித்தப்பா கூப்பிட்டார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்துப் பெயரோடு மேற்பிரிவு என்றும் எழுதியிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். எழுதியிருக்கிறது என்றேன். "அதை லேமினேட் பண்ணி வைடா" என்றார். லேமினேட் பண்ணினால் கந்தோரில் எடுக்க மாட்டார்கள் சித்தப்பா, ஐந்து போட்டோ கொப்பி எடுத்து வைக்கிறேன், நீங்கள் வந்ததும் மூலப்பிரதியை உங்கள் கையிலேயே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.