லயக் காம்பராவுக்குள் ஒரு ஹெலிகாப்டர்: மூன்று வருடம் பாவித்த அனுபவம்

என் தம்பி கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறான். 2021 தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது என் மகனுக்கென்று ஒரு ரிமோட் விளையாட்டு ஹெலிகாப்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். விலை 3,200 ரூபா. பெட்டியின் மேல் நீல வானம், மலை, மலைக்கு மேலே பறக்கும் ஹெலிகாப்டர். எங்கள் தேயிலைத் தோட்டம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை, எங்களுடையது. மலைக்குக் குறைச்சல் இல்லை. படத்தில் இருப்பதைப் போலவே பறக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

மகனுக்கு அப்போது ஏழு வயது. மூன்றாம் நாள் அவன் பழைய டயர் உருட்டப் போய்விட்டான். ரிமோட் என் கையிலேயே தங்கிவிட்டது. நான் முன்பள்ளி டீச்சர், வயது முப்பத்தைந்து. விளையாட்டுச் சாமானுக்குப் பெரிய மனுசி அனுபவம் எழுதுவதா என்று சிரிக்க வேண்டாம். இதைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது, பொறுமை உள்ளவர்களுக்கான சாமான் இது.

சைமா எஸ்107 என்று ஒரு சின்ன ஹெலிகாப்டர் பல நாடுகளில் விற்றது. அதைப் பார்த்துச் செய்த நகல்தான் என்னுடையது. ஏறக்குறைய ஒரு சாண் நீளம். தபால் கந்தோர் தராசில் வைத்துப் பார்த்தேன், 38 கிராம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள், எதிரெதிராகச் சுற்றும். ஒரே விசிறி என்றால் அது ஒரு பக்கம் சுற்ற, உடம்பு மறுபக்கம் சுற்றும். அதைத் தடுக்கத்தான் பெரிய ஹெலிகாப்டர்களின் வாலில் நிமிர்ந்து நிற்கும் சின்ன விசிறி வைக்கிறார்கள். இதில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் அந்த வேலை மிச்சம். வாலில் இருக்கும் விசிறி படுத்த வாக்கில் இருக்கிறது. அது வாலைத் தூக்கினால் மூக்கு தாழ்ந்து முன்னே போகும், அழுத்தினால் பின்னே வரும். உச்சியில் இரண்டு முனையிலும் குண்டு வைத்த ஒரு தண்டு. பெல் நிறுவனத்தின் பழைய ஹெலிகாப்டர்களிலும் இப்படி ஒரு தண்டு உண்டு. ஆட்டத்தைத் தானாகவே அடக்கும். பக்கவாட்டில் நகர மட்டும் இதற்குத் தெரியாது. ரிமோட்டுக்கு ஆறு பென்டோர்ச் பெட்டரி வேண்டும். பெட்டிக்குள் அவை இல்லை.

பண்டிகை லீவு முடிந்த அடுத்த நாள், பெரட்டு, அதாவது காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் கூட்டம், கலைந்த பிறகு பெரட்டுக்களத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். நல்ல வெயில். ரிமோட்டில் விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இடது குச்சியைத் தள்ளினேன். தரையில் நின்று உறுமியது, அப்புறம் ஒரே எழும்பு. கூரை உயரத்துக்குப் போனதும் காற்று அதைப் பக்கவாட்டில் வாரிக்கொண்டது. நான் எந்தக் குச்சியை எப்படித் திருப்பினாலும் அதற்குக் கேட்கவில்லை. இரண்டு நொடி அப்படியே போய், விசிறி நின்று, சரிவில் தேயிலைக்குள் விழுந்தது. அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

பின்னேரம் கொழுந்து நிறுக்க வந்த அக்கா ஒருவர்தான் கூடையிலிருந்து எடுத்து நீட்டினார். "டீச்சர், ஒங்க வீட்டுத் தும்பி எங்க நிரையில வந்து ஒக்காந்திருச்சி." கொழுந்தோடு சேர்த்து நிறுத்திருந்தால் அவர் கணக்கில் 38 கிராம் கூடியிருக்கும்.

ஏன் கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. இந்த ரிமோட் டீவி ரிமோட்டின் உறவுக்காரன். ரேடியோ அலை இல்லை, அகச்சிவப்புக் கதிர். அதே கதிர் வெயிலிலும் கொட்டிக் கிடக்கிறது, அதனால் ஹெலிகாப்டரின் கண் கூசிப்போய் ரிமோட்டைக் காணாமல் விடுகிறது. வீட்டுக்குள்ளேயே காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் வெயில் விழும் இடத்தில் போனால் பொத்தென்று விழும். சரி, பனிமூட்ட நாளில் வெளியே கொண்டுபோகலாமே என்றால், வெயில் தொல்லை இல்லாவிட்டாலும் காற்று விடாது. தேயிலை இலை லேசாக ஆடினாலே போதும், 38 கிராம் அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே பெட்டியில் இருக்கும் மலையை மறந்துவிடுங்கள். இது வீட்டுக்குள் பறக்கும் சாமான்.

இடையில் இன்னொரு பயமும் வந்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை ட்ரோன் பறக்கவிடுவதை நிறுத்திவைத்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். "இதுக்குப் பொலிஸ்ல எழுதிக் குடுக்கணுமா தாயி?" என்று பக்கத்துக் காம்பரா மாமா கவலையோடு கேட்டார். உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே அது படும் பாட்டைப் பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

படும் பாடு என்று சும்மா சொல்லவில்லை. லயத்தில் எங்கள் காம்பரா பன்னிரண்டுக்குப் பத்து அடி. விசிறி கீழே தள்ளும் காற்று தரையில் மோதி, சுவரேறி, திரும்பி வந்து ஹெலிகாப்டரையே தள்ளுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை அது வழுக்கிக்கொண்டே திரியும். புதிதாகப் பழகுபவர்கள் பயத்தில் அந்த உயரத்திலேயே ஊரவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், கட்டில் காலில் நூறு தடவை மோதினேன். பயந்தாலும் பரவாயில்லை, இடுப்பு உயரத்துக்குச் சட்டென்று ஏற்றிவிட வேண்டும். அங்கே காற்று கொஞ்சம் அமைதியாக இருக்கும். அதற்காக ஒரேயடியாக மேலே போனால் இன்னொரு வினை. சிலிங்குக்குக் கிட்டே போனால் விசிறிக்கு மேலே காற்று போதாமல் அப்படியே மேலே உறிஞ்சிக்கொள்ளும். பலகையில் கடகடவென்று அடித்துவிட்டு விழும்.

விழுந்தவற்றில் பாதிக்கு மேல் நானே விழுத்தியவை. சுவரை நோக்கிப் போகிறது என்று கண்டதும் கை தானாக இடது குச்சியை விட்டுவிடும். மோட்டார் நின்று ஐந்தடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் கல் மாதிரி விழும். அப்பா தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இஞ்சின் ரூமில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து ஒரு வாரம் பேசாமல் பார்த்தவர், எட்டாம் நாள் சொன்னார்: "நிறுத்தாத புள்ள, கொறை." மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பறக்கும் பாடம் இதுதான். கையேட்டில் இருந்தது நாலு பக்கச் சீன எழுத்து.

அதன் பிறகு இரண்டு வாரம், திருப்பவும் முன்னே பின்னே ஓட்டவும் உள்ள வலது குச்சியைத் தொடவே இல்லை. இடது பெருவிரல் மட்டும். ஏற்றுவது, இடுப்பு உயரத்தில் நிறுத்திவைப்பது, இறக்குவது. நிறுத்திவைப்பது என்றால் குச்சியை ஓரிடத்தில் பிடித்துக்கொள்வதல்ல, தாழும் முன்பே ஒரு மயிரிழை கூட்ட வேண்டும், ஏறும் முன்பே ஒரு மயிரிழை குறைக்க வேண்டும். பால் பொங்கும்போது அடுப்பைக் கூட்டிக் குறைத்துப் பழகிய கைக்கு இது சீக்கிரம் வரும் என்பது என் அபிப்பிராயம். தம்பிக்கு இன்னும் வரவில்லை.

மூக்கு தானாக இடப் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். ரிமோட்டில் அதற்கென்று ஒரு சின்னத் திருகி இருக்கிறது, எதிர்ப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் நிற்கும். சார்ஜ் குறையக் குறைய அது மறுபடி மாறும், ஒரு பறப்பில் இரண்டு தடவையாவது தொட வேண்டியிருக்கும்.

மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பினால்தான் உண்மையான தலைவலி. அப்போது நம்முடைய இடது அதற்கு வலது. மூளைக்குத் தெரிந்தாலும் விரலுக்குத் தெரியாது. நான் கண்ட வழி: முதலில் அதன் பின்னாலேயே நடந்து போய்ப் பழகினேன். பிறகு பக்கத்தில் நின்று பழகினேன். கடைசியாகத்தான் முகத்துக்கு முகம். மலிபன் பிஸ்கட் டின் மூடியைத் தரையில் வைத்து, அதன் மேல் இறக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. இறங்கியபோது வீட்டில் ஒருவரும் இல்லை. பூனை மட்டும் பார்த்தது.

காம்பராவில் முடியாததெல்லாம் முன்பள்ளி மண்டபத்தில் முடிந்தது. முப்பதடி நீளம், நடுவில் ஒரு தூண், ஜன்னலுக்குத் திரை. பிள்ளைகள் போன பிறகு திரையை இழுத்துவிட்டு, தூணைச் சுற்றி எட்டுப் போடுவேன். சில வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளையும் பாயில் உட்காரவைத்துக் காட்டுவதுண்டு. பறக்கும்போது கையால் பிடிக்கக் கூடாது என்ற ஒரே சட்டம்தான். அந்தச் சட்டத்தை மீறியது நான் மட்டுமே. பிடிக்கக் குனிந்தபோது பின்னல் நுனி விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள், முடியை. இப்போது கொண்டை போடாமல் ரிமோட்டைத் தொடுவதில்லை.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய 12 வீதம் குறைவு. விசிறிக்குப் பிடித்துத் தள்ளக் காற்று வேண்டுமே. தம்பியின் கொழும்பு அறையில் பாதிக் குச்சிக்கே எழும்பிய அதே ஹெலிகாப்டர், இங்கே முக்கால்வாசி தள்ளினால்தான் அசையும். 2023 ஜனவரியில் நுவரெலியாவில் சின்னம்மா வீட்டுக்கு எடுத்துப்போனேன். அங்கே 1,868 மீட்டர், காற்று இன்னும் மெலிவு, இரவில் குளிர் வேறு. குளிரில் லித்தியம் பெட்டரி சோர்ந்துபோகும். மூன்றாம் நிமிடமே தரையைத் தடவத் தொடங்கிவிட்டது. சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டுப் பறக்கவிட்டபோது இன்னும் ஒரு நிமிடம் கிடைத்தது.

புதிதில் முக்கால் மணி நேரம் சார்ஜ் போட்டால் ஏழு நிமிடம் பறந்தது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களில் பவர் பேங்கிலிருந்து சார்ஜ் போட்டேன். ரிமோட்டின் அடியிலிருந்தே சார்ஜ் போடும் வயரும் இருக்கிறது, ஆனால் அது பென்டோர்ச் பெட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். அந்த நேரத்தில் ஆறு பெட்டரி விலைக்குப் பருப்பு வாங்கியிருக்கலாம். ஒன்றரை வருடத்தில் ஏழு நிமிடம் நாலாகக் குறைந்தது, பிறகு பெட்டரி வயிறு ஊதிக்கொண்டது. ஊதியதைக் குத்தவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். டவுனில் போன் திருத்தும் கடையில் 150 மில்லிஆம்பியர் பெட்டரி ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். பறந்து முடிந்ததும் சூட்டோடு சார்ஜ் போடாமல் பத்து நிமிடம் ஆறவிடுகிறேன். நாட்கணக்கில் சும்மா வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைக்கிறேன். இரண்டாவது பெட்டரி இன்னும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்கிறது.

உடைந்தவை: விசிறி நாலு ஜோடி, வால் விசிறி இரண்டு, உச்சித் தண்டை மேல் விசிறியோடு கோர்க்கும் சின்னக் கொக்கி எண்ணிக்கையில்லாமல். அந்தக் கொக்கி கழன்றால் ஹெலிகாப்டர் குடிகாரனைப் போல வட்டமிடும், பலர் அதைப் பார்த்துவிட்டு மோட்டார் போய்விட்டது என்று தூக்கி எறிகிறார்கள். விசிறியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒரு துளி பசையின் பாரமே போதும், முழு உடம்பும் நடுங்கும். உள்தண்டு வளைந்தாலும் அதே நடுக்கம்தான். அப்பா அதை எடுத்துக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்து நிமிர்த்தினார். நகலாக இருந்ததில் ஒரு நன்மை, எஸ்107 உதிரிப் பாகங்கள் இதற்கும் பொருந்துகின்றன. உதிரி கிடைக்காத ஹெலிகாப்டரை ஆயிரம் ரூபாவுக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

குறை என்றால், ரிமோட்டின் பெட்டரி மூடி முதல் மாதமே உடைந்துவிட்டது, இறப்பர் பட்டி போட்டுக் கட்டியிருக்கிறேன். பெட்டியில் எழுதியிருந்த பத்து நிமிடம் ஒரு நாளும் பறக்கவில்லை. மோட்டார் சத்தத்துக்குப் பக்கத்துக் காம்பராக் கைக்குழந்தை விழித்துவிடுகிறது, அதனால் இரவு ஏழுக்குப் பிறகு தொடுவதில்லை.

போன மாதம் மகன் மறுபடி ரிமோட்டைக் கேட்டான். இப்போது பத்து வயது. கொடுத்தேன். சுவருக்குக் கிட்டே போனதும் கையை விட்டான், கல் மாதிரி விழுந்தது, கொக்கி கழன்றது. இஸ்தோப்பிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். மிச்சமிருப்பது மேல் விசிறி ஒரு ஜோடிதான், தம்பியிடம் இன்னும் இரண்டு சொல்லிவிட்டிருக்கிறேன்.