வாய்ப்புண்ணுக்கு எது நல்லது: மணத்தக்காளியா, அகத்தியா?

வாய்ப்புண் என்று சொன்னதும் பெரியவர்கள் வாயில் வரும் பெயர்கள் இரண்டு: மணத்தக்காளி, அகத்தி. இரண்டையும் பல வருடங்களாகச் சமைத்துவருகிறேன். என் ஓட்டு மணத்தக்காளிக்கே.

உதட்டின் உட்புறம் வெள்ளையாகக் குழிந்து எரியும்போது உப்பு பட்டாலே கண்ணில் நீர் வந்துவிடும். அந்த வாய்க்குக் காரமில்லாத, குழைவான சாப்பாடு வேண்டும். மணத்தக்காளிக் கீரையை ஆய்ந்து, பாசிப்பருப்பும் சீரகமும் சேர்த்து வேகவைத்து, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால் ஊற்றுவேன். மிளகாய் வேண்டியதில்லை. கீரையின் இளங்கசப்பு பாலில் அடங்கிவிடும். சோற்றைக் குழையப் பிசைந்தால் மெல்லாமலே தொண்டையில் இறங்கும். பச்சை இலையை மென்று சாற்றைப் புண்ணில் படவைக்கும் வழக்கமும் உண்டு. நான் வெந்த கீரையையே நம்புகிறேன். இது கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி. பச்சைக் காயில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அதை அப்படியே மெல்லவே கூடாது.

கொங்குப் பக்கம் இதையே சுக்குட்டிக் கீரை என்பார்கள், தெற்கே மிளகுதக்காளி.

அகத்தியின் பெருமை வேறு வகை. வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர வளர்க்கும் மரம் அது. ஏகாதசி விரதம் முடித்து, துவாதசியன்று நெல்லிக்காயோடு அகத்திக்கீரையும் இலையில் விழுவது, பட்டினி கிடந்த வயிற்றின் சூட்டைத் தணிக்கத்தான் என்பார்கள். 100 கிராம் கீரையில் ஏறத்தாழ 1 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. இந்த விஷயத்தில் மணத்தக்காளி பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் புண்பட்ட வாய்க்கு அதன் கசப்பும் நாரும் தொல்லை. பொடியாக நறுக்கி நெடுநேரம் வேகவைத்தாலும் ஈர்க்கு நாக்கில் இடறும். சித்த மருந்து சாப்பிடும் காலத்தில் அகத்தி மருந்தை முறித்துவிடும் என்று வைத்தியர்கள் விலக்கிவைப்பார்கள். அடிக்கடி சாப்பிட்டால் வாயுத் தொல்லையும் உண்டு. மாதம் ஒன்றிரண்டு முறை போதும் என்பதே வீடுகளில் கடைப்பிடிக்கும் கணக்கு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பி12 வைட்டமின் குறைவாலும் வாய்ப்புண் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சத்து இரண்டு கீரையிலும் இல்லை. மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண்ணை, அதிலும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், உடனே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மணத்தக்காளியை நான் விடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அகத்திக்கு மரம் வளர இடம் வேண்டும். இதற்கு ஒரு தொட்டி போதும். கறுத்த பழம் ஒன்றை மண்ணில் நசுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் மண் தூவித் தண்ணீர் தெளித்துவந்தால் சில நாளில் முளைகள் தலைகாட்டும். அடுத்த முறை வாய் எரியும்போது கீரைக்காரரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.